நனைந்த தாளில் நான் நிரப்பிய சொல்

மகள் பிறந்த பிறகு, வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஜெர்மனியில் ஹனோவர் நகரத்து ஆய்வுக்குழு ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தது. அமெரிக்காவின் ஆரம்பகால ஜனாதிபதி ஒருவரின் அலுவலகத்துக்கு வந்த, அங்கிருந்து போன கடிதங்களை, அவருடைய எழுத்தர் பதிவேட்டில் எடுத்துவைத்த நகல்களைப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். வாசிக்க முடியாத சொல்லை அடைப்புக்குறியிட்டு வெறுமையாக விட வேண்டும். ஊகிக்கக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

போரில் கால் இழந்த ஒருவருக்குச் சுங்கத்தில் வேலை கேட்டு அவருடைய மனைவி எழுதியிருந்தாள். ஜனாதிபதியின் பதிலில் கடைசி வரி நீரில் ஊறிப்போயிருந்தது. ஒரு சொல்லின் முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. வேலை வழங்கப்பட்டது என்று பொருள்படும்படி நிரப்பி அனுப்பிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அதே பெண்ணின் இன்னொரு கடிதம் தட்டச்சுக்கு வந்தது. போன பதிலில் மறுத்துவிட்டீர்களே, இன்னொரு முறை யோசியுங்கள் என்று கேட்டிருந்தாள்.

நான் நிரப்பிய சொல் தவறு. அந்த வாரம்தான் என் ஒப்பந்தத்தை நீட்டிப்பதா என்று தீர்மானிக்க இருந்தார்கள். கணவரிடம் சொன்னேன்.

"ஒரு சொல்லுக்கு ஆர் பாக்கப்போகினம்? பேசாம இரும்."

"அது அச்சில வரப்போகுது. என்னால ஏலாது."

"அப்ப எழுதிப் போடும். பிறகு வேலை போச்செண்டு என்னட்ட அழக்கூடாது."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்பது எனக்குத் தெரியும். பத்து வயதிலிருந்தே அப்பா அம்மாவுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொன்னேன். இங்கே தங்குவதற்கான வதிவிட அனுமதிக்கு மறுப்பு வந்தால், "இன்னும் பாத்துக்கொண்டிருக்கினமாம்" என்பேன். இரண்டு பேரும் அன்று சாப்பிட வேண்டும் என்பதுதான் என் கவலை. என்னைப் போல இங்கே வளர்ந்த பலரும் அப்படித்தான் வாசித்திருப்போம். படித்துப் பட்டம் பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் கையில் இருந்திருக்கிறது.

மகளுக்குக் காய்ச்சல். அவளைத் தோளில் போட்டபடி ஆய்வுக்குழுவின் பொறுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் எழுதினேன். மூன்று முறை அழித்தேன். காரணம் எழுதினால் சாக்குப் போலாகுமோ, எழுதாவிட்டால் திமிர் போலாகுமோ என்று. கடைசியில் தவறை மட்டும் எழுதினேன்.

மறுநாள் காலை அவரே தொலைபேசியில் அழைத்தார். சொன்னதற்கு நன்றி என்றார். ஆனால் இதுவரை நான் அனுப்பிய எல்லாப் பக்கங்களையும் மூலத்தோடு நானே மறுபடி ஒப்பிட வேண்டும், ஒப்பந்தம் பற்றி அதற்குப் பிறகு பேசலாம் என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் ஒருவேளை எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

முதல் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது வரியில் ஒரு சொல் மூலத்தில் மங்கியிருந்தது. அதைக் கண்டு எழுதினேனா, அப்படி இருக்கட்டும் என்று எழுதினேனா என்று நிச்சயமில்லை. அழித்துவிட்டு அடைப்புக்குறியிட்டேன். அடுத்த வரிக்குப் போகப் பயமாக இருந்தது.