வான்கோழிக் கட்லட்டும் ஒரு றாத்தல் பாணும்

இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரையின் பங்களாவில் இராசமாணிக்கம் அண்ணன்தான் கோக்கி. நான் அங்கே பூந்தோட்ட வேலை. அவர் சமையலைக் குறை சொன்னால் மூக்குக்கு மேலே கோபம் வந்துவிடும். துரைசாணியே அவரிடம் கொஞ்சம் தயங்கித்தான் பேசுவாள்.

எழுபத்து மூன்றாம் வருஷக் கடைசியில் மாவுத் தட்டுப்பாட்டில் இலங்கை நாடே பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்றது. தொழிலாளர் லயத்தில் மூன்று வேளையும் மரவள்ளிதான். அந்த நேரம் பார்த்து அண்ணனின் மகள் பாலாமணிக்குப் பிரசவமாகியிருந்தது. பச்சை உடம்புக்காரிக்கு மரவள்ளி கொடுத்தால் பிள்ளைக்கு வயிறு ஊதிவிடும் என்பார்கள். அவள் பாலில்லாத வெறும் தேயிலைச் சாயத்தைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். பால் சுரக்கவில்லை. தலைப்பிள்ளையையும் இப்படித்தான் மண்ணுக்குக் கொடுத்திருந்தார்கள்.

யேசு பிறந்த நத்தாருக்குப் பங்களாவில் ஒரு பெரிய வான்கோழி வெட்டினார்கள். பாதிக்கு மேல் மிஞ்சிப்போனது. வருஷப் பிறப்பு வரைக்கும் விருந்தாளிகள் வருவதால், மாலை தோறும் அதில் கட்லட் போடச் சொன்னாள் துரைசாணி. மொறுமொறுவென்று மேல் பூச்சு வர, காரில் ஒரு றாத்தல் பாணும் வந்து இறங்கியது. தூளாக்குவதற்காம்!

அண்ணன் எலும்போடு ஒட்டிய இறைச்சியைப் பிய்த்துக் கொத்தி, அவித்த உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுத்தூள் சேர்த்துப் பிசைந்து உருட்டினார். பாணை மட்டும் துணியில் சுற்றி என்னிடம் நீட்டினார்.

"பாலாமணிகிட்ட குடுத்துட்டு வந்துருப்பா. சாயத்துல நனைச்சுத் திங்கச் சொல்லு."

"அண்ணே, கட்லட்டுக்கு?"

"அது என் பாடு. நீ போ."

நான் திரும்பி வந்தபோது, வீட்டில் காயவைத்திருந்த மரவள்ளியை வறுத்துக் கரகரவென்று இடித்து வைத்திருந்தார். கட்லட்டை முட்டையில் தோய்த்து, அதில் புரட்டி எண்ணெயில் போட்டார். அடேயப்பா, என்ன நிறம்! கடித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும்.

விருந்தாளிகள் தட்டைக் காலி செய்துவிட்டார்கள். துரைசாணி அடுப்படிக்கே வந்தாள்.

"கோக்கி, இது ரொம்ப நல்லாருக்கு. என்னா போட்ட?"

பாவி மனுஷன், பேசாமல் இருந்திருக்கலாம். கைவேலையைப் புகழ்ந்ததும் மனம் குளிர்ந்து மரவள்ளி விஷயத்தை உளறிவிட்டார்; பாணுக்கு மட்டும் ஒரு பொய். "பாணு பூஞ்சணம் புடிச்சிருந்துச்சுங்க தொரசாணி. அதான் மரவள்ளித் தூள் போட்டேங்க."

"அப்ப நல்லதாப் போச்சு. இனிமே பாண் வேணாம். மரவள்ளியே போடு."

அவள் போன பிறகு அண்ணன் பலகையில் உட்கார்ந்துவிட்டார். "என் வாயாலேயே கெடுத்துக்கிட்டேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் மாலையும் கட்லட். அண்ணன் எண்ணெய் காயும் முன்பே உருண்டைகளைப் போட்டார். நான் பதறிப்போய், "அண்ணே, எண்ணெ காயலையே!" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பூச்சு கழன்று எண்ணெயில் மிதந்தது. கொழகொழத்துக் கிடந்ததை அப்படியே தட்டில் அடுக்கி அனுப்பினார்.

சாப்பாட்டு அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். விருந்தாளிகளுக்கு முன்னால் துரைசாணி அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். வயசாகிக் கைப்பக்குவம் போய்விட்டதாம். வேறு கோக்கி பார்க்க வேண்டுமாம். ஒரு விருந்தாளி வாய்விட்டுச் சிரித்தான். எனக்கு அந்தத் தட்டை அவன் மேலேயே கவிழ்க்கலாம் போல இருந்தது.

அண்ணன் கைகட்டி நின்றார். "மரவள்ளி எல்லா நாளும் ஒட்டாதுங்க தொரசாணி. பாணு இருந்தா தப்பு வராதுங்க."

"சரி சரி, நாளைக்குக் காரை அனுப்புறேன். போ!"

சொன்னபடியே பாண் வந்தது. மேல்தோலை மட்டும் சீவிக் காயவைத்துத் தூளாக்கினார் அண்ணன். உள்ளே இருந்த மெத்தென்ற பாகத்தை மடியில் கட்டிக்கொண்டு லயத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன்.

பாலாமணி பாணைப் பிட்டுச் சாயத்தில் தோய்த்தாள். பிள்ளை அவள் மார்பைத் தேடிக்கொண்டிருந்தது.

"ஏம்பா, பாணு கொறையுதேன்னு தொரசாணி ஒன்னும் கேக்கலியா?"

"கேக்கல தாயி," என்றார் அண்ணன். "கட்லட் ரொம்ப நல்லாருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. நீ சாப்புடு."