கடைசிக் குலத்தின் தலைவன்

பீல் நகருக்கு வந்த புதிதில் எங்களை நிலத்துக்கடியில், போர் வந்தால் ஒளிந்துகொள்ளவென்று கட்டிய ஒரு பதுங்குகுழியில் தங்க வைத்தார்கள். ஜன்னல் கிடையாது. தஞ்சம் கேட்டதற்கு முடிவு வரும்வரை வேறெங்கும் குடியிருக்க முடியாது. ஒரு மத்தியானம் விவிலியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். மேல்கட்டிலில் படுத்திருந்த யாழ்ப்பாணத்து அண்ணை, "பலமா வாசியும் தம்பி" என்றார்.

இஸ்ரயேல் குலத் தலைவர்கள் நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொடுக்கும் பகுதி அது. எல்லோருக்கும் ஒரே வெள்ளித் தட்டு, ஒரே ஆட்டுக்கடா. நப்தலி குலத்தின் தலைவன்தான் கடைசி ஆள். பன்னிரண்டாம் நாள்வரை காத்திருந்தான்.

"பிறகு அவனைக் கூப்பிட்டவையோ?"

"ஓம் அண்ணை, கூப்பிட்டவை."

"பன்னிரண்டு நாளிலயோ? குடுத்து வைச்சவன்."

அவருக்கு அது அங்கே இரண்டாவது குளிர்காலம். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். எனக்கு முதன்முதலாக மூச்சு முட்டியது.