ஸ்மோக் ஹவுஸில் தம்பி

ஸ்மோக் ஹவுஸ் என்பது இங்கிலீஷ் வார்த்தை என்று எனக்கு வெகுநாள் தெரியாது. தங்காக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு அது வீட்டுப் பேச்சு. கணக்கு எழுதுகிற கிராணிக்கு அது ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் இடம். அடைமழைக் காலத்தில் அம்மாவுக்குத் துணி காயவைக்கிற இடம். துரை கண்ணில் படாமல் அங்கே கருவாடுகூடக் காய்ந்திருக்கிறது. அடங்காத பிள்ளைகளை மிரட்டுவதென்றால், அங்கே போட்டுப் பூட்டிவிடுவேன் என்பார்கள். பெரியவளான பிறகு ஒரு அகராதியில் தேடினேன். மீனையும் இறைச்சியையும் புகைபோடுகிற கட்டடம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டிருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. எழுதினவருக்கு என்ன தெரியும்?

எனக்கு அப்போது ஏழு வயது. நான்கு நாளாக விடாத மழை. ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்று, வரிசை வீடுகளான எங்கள் லயத்துச் சனம் எல்லாம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. ஏழாம் மாதத்திலேயே அம்மாவுக்கு வலி கண்டு, விடியும்போது தம்பி பிறந்தான். என் இரண்டு கையிலும் அடங்கிவிடுவான், அவ்வளவுதான். அழக்கூட இல்லை, முனகினான். உள்ளங்கால் சில்லென்றிருந்தது. அம்மாவுக்கோ ரத்தம் நிற்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரஸரை அழைத்துவர அப்பா வெள்ளத்தில் இறங்கிப் போனார்.

பிள்ளைக்கு உடம்புச் சூடு குறையக்கூடாது, தாய்க்கு மனசு பதறக்கூடாது, பதறினால் ரத்தம் நிற்காது என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். லயத்தில் அடுப்பு விறகெல்லாம் ஈரம். தோட்டத்திலேயே சூடாக இருந்தது ஸ்மோக் ஹவுஸ் ஒன்றுதான். அங்கே நெருப்புப் போடுகிறவர் என் தாய்மாமன். மழைக்கு முன் தொங்கவிட்ட ஷீட்டு இன்னும் உள்ளே இருந்ததால் நெருப்பை அணைக்காமல் வைத்திருந்தார். தம்பியைத் துணியில் சுற்றி, தன் சட்டைக்குள் பொதிந்துகொண்டு அவர் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

புகை மேலே ஏறிவிடும், கீழே வெதுவெதுப்பு மட்டும்தான் என்று சொல்லி, கதவோரம் ஒரு சாக்கைப் போட்டு என்னை உட்காரவைத்தார். தம்பியை மடியில் கொடுத்துவிட்டு, வெளியே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பகல்தான். ஆனால் உள்ளே பகல் என்று ஒன்று கிடையாது. மூங்கில் கழிகளில் வரிசை வரிசையாக ஷீட்டு தொங்கியது. நல்ல பழுப்பு, உரித்த தோல் மாதிரி. காற்றே இல்லை, ஆனாலும் ஏதாவது ஒன்று மெல்லத் திரும்பும். பக்கத்தில் இருப்பதும் திரும்பும். பிறகு அந்த வரிசையே திரும்பி என்னைப் பார்ப்பதாக இருக்கும். நான் ஷீட்டைப் பார்க்காமல் தம்பியையே பார்த்தேன். அவன் முனகலை எண்ணிக்கொண்டிருந்தேன். கணகணப்பில் கண் செருகியது. எங்கே விட்டேனோ, எண்ணிக்கை தவறிவிட்டது.

விழித்தபோது மாமா குனிந்து, துணியை விலக்கித் தம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தார். துணியை மூடிவிட்டு ஷீட்டுகளுக்குள்ளே நடந்து மறைந்தார். எனக்குத் தூக்கம் முழுதாகக் கலையவில்லை, கனவென்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தக் கால்களைப் பார்த்தேன். கடைசி வரிசைக்குக் கீழே, முழங்காலுக்குமேல் ஒன்றும் தெரியாமல், இரண்டு கால்கள் அசையாமல் நின்றன. அவற்றுக்கு மேலே தொங்கிய ஷீட்டு மட்டும் விட்டுவிட்டு நடுங்கியது. மாமா என்று கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். கால்கள் அப்படியே நின்றன. உயிரே போய்விடும்போல இருந்தது. பேய்தான் நிற்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். ஆனால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எப்படி ஓடுவது? பேய்க்குத் தெரியாமல் அவனை, முந்தானையால் மூடுவதுபோல், என் பாவாடையால் மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஷீட்டு விலகியது. வந்தது மாமாதான். கண் ரெண்டும் சிவந்து கிடந்தன. புகை என்றார். தம்பியை வாங்கிக்கொண்டு என் முன் மண்டியிட்டார்.

“அம்மாகிட்ட ஓடிப் போயி, தம்பி சூடா இருக்கான்னு சொல்லிட்டு வா. சிரிச்சிக்கிட்டே சொல்லணும்.”

தொட்டுப் பார்த்தேன். உண்மைதான், நல்ல சூடு. காலையில் சில்லிட்டிருந்த உள்ளங்கால்கூடச் சுட்டது. மழையில் ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். பெரியவர்கள் சொன்னால் நம்பாத அம்மா என் முகத்தையே பார்த்தாள். பிறகு மருத்துவச்சி நீட்டிய கஞ்சியை வாங்கிக் குடித்தாள். இன்னும் இரண்டு தடவை மாமா என்னை அனுப்பினார். இரண்டு தடவையும் நான் சிரித்தேன், அம்மா குடித்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில், இடுப்புவரை சேற்றோடு அப்பாவும் டிரஸரும் வந்தார்கள். லயத்தில் அம்மாவைப் பார்த்து, ரத்தம் மட்டுப்பட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டுத்தான் டிரஸர் ஸ்மோக் ஹவுஸுக்கு வந்தார். துணியை விலக்கினார். காதை வைத்துக் கேட்டார். மூடிவிட்டார். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். படித்தவர் இப்படியா பார்ப்பது? அவர் கையை இழுத்துத் தம்பியின் மார்பில் வைத்தேன்.

“சூடா இருக்கான் பாருங்க. காலையிலேருந்து நான்தான் வெச்சிருக்கேன்.”

அவர் கையை எடுக்கவில்லை. “ஆமாம்மா, சூடாத்தான் இருக்கான்” என்றார்.

சூடு தம்பியுடையதல்ல, அந்த வீட்டுடையது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் இருந்தால் கல்லும் சுடும் என்று தெரியாது. நான் சிரித்துச் சொன்ன மூன்று தடவையும் அவன் உயிரோடு இல்லை என்பதும், அந்தச் சிரிப்பைக் குடித்துத்தான் அம்மா பிழைத்தாள் என்பதும் தெரியாது. டிரஸரும் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்ற சந்தோஷத்தில், அதையும் சொல்ல நான் நாலாவது தடவையாக அம்மாவிடம் ஓடினேன்.