மரங்கொத்தி எடுத்த கடைசிக் குச்சி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் மரங்கொத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். மலைக்காட்டுக்குள் போய், கிழட்டு மரங்களை வெட்டாமல் கொள்ளாமல், கைத்திருகால் பட்டையிலிருந்து நடுநெஞ்சு வரைக்கும் துளைத்து, பென்சில் பருமனில் ஒரு குச்சியை உருவிக்கொண்டு வருவது அவர் வேலை. பின்பக்க அறையில் அதைச் சட்டத்தில் ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வளையங்களைக் கண்ணுக்குக் கொண்டுவருவது அவர் மனைவியின் வேலை. நல்ல மழை பெய்த வருஷத்துக்கு அகலமான வளையம். காய்ந்த வருஷத்துக்கு நூலிழை. மழையை அளக்க ஆளே இல்லாத காலத்து மழையையும் ஆய்வுக்கூடத்தை நடத்துகிற மேடம் அதில் படித்துவிடுவார்.

"நான் ஓட்டை போடுறேன், நீ தேய்க்கிறே. நம்ம குடும்பம் உருப்பட்டாப்லதான்" என்பார் மரங்கொத்தி.

"ஓட்டை போடுற மகராசனுக்கு என்ன? தேய்க்கிறவளுக்குல்ல தோள்பட்டை போகுது!" என்பாள் அவள்.

போன மழையில் மலை சரிந்தது. அவர் கடைசியாகத் துளைத்த மரமும் போயிற்று, அவரும் போனார். பையைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே இறங்கியதால் கூடப் போயிருந்த அவர் தம்பி பிழைத்தான். வீட்டில் அழுகை ஓய்ந்த பிறகு, குச்சி வைத்திருந்த குழலை அவள் கையில் கொடுத்தான்.

"அண்ணி, அண்ணன் கடைசியா எடுத்தது. உங்ககிட்டதான் குடுக்கணும், வேற யாரும் தொட்டா கெடுத்துருவாங்கன்னு சொல்லி அனுப்பிச்சாரு."

"இன்னும் கொஞ்ச நாள் வீட்ல இரும்மா. வேற ஆளை விட்டு ஒட்டச் சொல்றேன்" என்றார் மேடம்.

"வேணாம் மேடம். இது நான் செய்யணும்."

குச்சியின் நார் நெட்டுக்குத்தாக நிற்கிற மாதிரி ஒட்ட வேண்டும். புரண்டு படுத்துவிட்டால், எவ்வளவு தேய்த்தாலும் வளையம் முகம் காட்டாது. முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் ஒருநாளும் ஒட்டினவள் இல்லை. அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நின்றது. பார்த்த மாதிரிதான் இருந்தது, ஒட்டிவிட்டாள்.

மறுநாள் முரட்டுத் தாள் போட்டாள், நைஸ் தாள் போட்டாள். குச்சி மொழுமொழுவென்று மின்னியதே தவிர, ஒரு வளையமும் எழும்பவில்லை. திரும்பப் போய் எடுக்க மரம் இல்லை, எடுக்க அவரும் இல்லை.

"ஆவி காட்டிப் பசையை இளக்கலாம். ஆனா ஒடஞ்சாலும் ஒடஞ்சிரும்" என்றார் மேடம்.

கெட்டிலின் ஆவியில் சட்டத்தைப் பிடித்து, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் போடுகிற மாதிரி குச்சியைப் புரட்டினாள். நெஞ்சுப் பக்கமெல்லாம் சொன்னபடி திரும்பிற்று. கடைசி வருஷத்து வளையம் இருக்கிற பட்டையோரத்து முனை மட்டும் விரலிடையில் மாவாக உதிர்ந்தது.

காயவிட்டு மறுபடி தேய்த்தபோது வளையங்கள் வரிசையாக வந்து நின்றன. அவர்கள் கல்யாணமான வருஷத்து வறட்சிகூட நூலாகத் தெரிந்தது. அதற்குப் பிந்தின ஒவ்வொரு மழையும் இருந்தது, கடைசி மழையைத் தவிர.

"வருத்தப்படாதம்மா. அந்த வருஷம் பக்கத்து மரங்கள்ல கிடைச்சிரும்" என்றார் மேடம்.

"உங்களுக்குக் கிடைச்சிரும் மேடம்" என்றாள் அவள்.

மேஜையில் கிடந்த தூளை அவள் துடைக்கவில்லை. கெட்டிலை மட்டும் அணைத்தாள்.