போனில் ஊட்டியவர்

மகன் குடும்பம் அயர்லாந்தில் குடியேறியதும் இரண்டு வயதுப் பேத்தி சாப்பிட மறுத்தாள். இங்கே அவளை வளர்த்த பெண்மணி தினமும் பக்கத்து ஊரான கொல்லயிலில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்து, முன்பல் இடைவெளி தெரியக் கைபேசியைப் பார்த்து 'ஆ' என்பார். அங்கே குழந்தையும் வாய் திறக்கும்.

ஒருநாள் மகன் சொன்னான்: "அவங்களப் பாத்தே தின்னு பழகி பிள்ள டேகேர்ல தின்ன மாட்டேங்கு, அப்பா. இனி கூப்பிடண்டாம்."

அதைச் சொல்லத் துணிவின்றி, போன் கெட்டுவிட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன். மறுவாரம் விசாரிக்க வந்தவர், வாசலில் நின்றபடியே உள்ளே என் போனில் பேத்தியின் சிரிப்பைக் கேட்டுவிட்டார்.

"இது கெட்டுப்போன போனாக்கும், இல்லியா சார்? வரண்டாமுண்ணு சொன்னா வருவேனா?"



பாறசாலைச் சந்தையில் பார்த்தால் இப்போதும் என் உடல்நலம் விசாரிப்பார். குழந்தையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.