பந்துக்கும் முறை வைத்தவர்கள்

சிவலட்சுமிக்கு உதைபந்தாட்டம் தெரியாது. கல்லூரி அதிபர் தொடக்கம் தேத்தண்ணிக் கடைக்காரர் வரை எல்லோரும் இதை அவளுக்கே பல தடவை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஓஃப்சைட் என்றால் என்ன என்று கேட்டால் அவள் முழிப்பாள். ஆனால் கல்லூரிப் பெண்கள் அணி ஆடிய போட்டிகள் எல்லாவற்றிலும் வேலியோரம் நின்று, பந்து யார் யார் காலுக்குப் போகிறது, யார் காலோடு நின்றுவிடுகிறது என்று பார்த்தது ஊரிலேயே அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் ஆட்டம் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவளுக்கு அவசியம் இருந்தது. முன்வரிசையில் இடது கரையில் நின்றவள் அவளுடைய மகள் நிரோஜா. பதினெட்டு முடிந்து பத்தொன்பது நடக்கிறது. மாகாண அணிக்குத் தெரிவாவதென்றால் இந்த வருசம் ஆக வேண்டும், அடுத்த வருசம் வயது விடாது. தெரிவாகாவிட்டால் இருக்கவே இருக்கிறது அம்மாவின் வயலில் களை. ஓட்டத்தில் அவளைப் பிடிக்க கிளிநொச்சியில் ஆளில்லை. ஆனால் பந்தே வராமல் ஓடுகிறவளை எந்தத் தெரிவாளர் எடுப்பார்? அஞ்சலோட்டத்துக்கு வேண்டுமானால் எடுப்பார்.

சிவலட்சுமியின் வயல் அக்கராயனுக்கு அப்பால் ஒரு சின்னக் குளத்தின் நாலாம் வாய்க்காலில் இருக்கிறது. முதலாம் வாய்க்கால், ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களுடையது. நாலாவது, எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வந்தவர்களுடையது. தண்ணீரும் அந்த ஒழுங்கிலேதான் போகும். பள்ளத்தைப் பார்த்து ஓட வேண்டிய தண்ணீர் இங்கே ஆளைப் பார்த்து ஓடும். விவசாயிகளின் கமக்காரர் அமைப்பு இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறது, இன்ன வாய்க்காலுக்கு இன்ன நாள், இன்ன நேரம் என்று. தாளில் பார்க்க அழகான முறை. முதலாம் வாய்க்கால்காரர் மட்டும் தங்கள் முறை முடிந்த பிறகும் வாய்க்கால் கதவை இறக்க மறந்துவிடுவார்கள். அந்த மறதி ஏனோ மற்ற வாய்க்கால்களுக்குத் தொற்றுவதில்லை.

இதைக் கூட்டத்தில் எழும்பி முகத்துக்கு நேரே சொல்லுகிறவள் சிவலட்சுமி. புருசன் மாயாண்டி வீட்டிலும் வாய் திறவார், வெளியிலும் திறவார், அந்த வீட்டுக்கு வந்த பேச்சு முழுவதும் இவள் பங்குக்கு விழுந்தது. அவள் எழும்பினால் கூட்டம் அடங்கும். ஏனென்றால் பயிர் வாடி அடிவயிறு எரிந்த நாட்களில்கூட அவள் ஒரு தரமும் முறை தவறிக் கதவைத் தொட்டதில்லை. எவரும் அவளைப் பார்த்து 'நீ மட்டும் யோக்கியமோ' என்று கேட்க முடியாது. அது ஒன்றுதான் அவளிடம் இருந்த பெரிய சொத்து.

பயிற்றுநர் கோகுலன் சேர் கணித ஆசிரியர். இரண்டு நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்து, சான்றிதழுக்குச் சட்டம் போட்டு மாட்டியவர். அவரிடம் மூன்று தாக்குதல் திட்டங்கள் இருந்தன. முதலாவது, பந்தைத் தேனுகாவிடம் கொடுப்பது. இரண்டாவது, பந்தைச் சுற்றிவளைத்துக் கொண்டுவந்து தேனுகாவிடம் கொடுப்பது. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது: தேனுகாவை எதிரணி மறித்துவிட்டால், அவள் விடுபடும் வரைக்கும் பந்தை வைத்துக்கொண்டு நிற்பது. கரையில் நின்று "ரெண்டு, ரெண்டு" என்று இலக்கம் சொல்லிக் கத்துவார். இரண்டாவது போட்டியிலேயே எதிரணிப் பிள்ளைகள் அவருடைய சத்தத்தைக் கேட்டு அவருடைய பிள்ளைகளுக்கு முதலே ஓடத் தொடங்கிவிட்டார்கள். அப்படியும் அணி அரையிறுதி தாண்டியதென்றால் அது பின்வரிசைப் பிள்ளைகளின் புண்ணியம். சேர் அதைத் தன் திட்டங்களின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

தேனுகாவைக் குறை சொல்ல முடியாது. கெட்டிக்காரி. ஆனால் மூன்று பேர் சுற்றி நின்றால் எந்தக் கெட்டிக்காரியும் என்ன செய்வாள்? அவளுடைய தகப்பன், முதலாம் வாய்க்கால் செல்வநாயகம்தான் கமக்காரர் அமைப்புக்குத் தலைவர், கல்லூரி அபிவிருத்திச் சங்கத்துக்கும் அவரே எல்லாம். அணிக்குச் சீருடை வாங்கிக் கொடுத்தவரும் அவர். சீருடை வந்த வாரம்தான் மூன்று திட்டங்களும் பிறந்தன என்று ஊரில் சிலர் சொல்லுவார்கள். ஊர் வாய் அப்படித்தான்.

அரையிறுதிக்கு மறுநாள் கல்லூரியில் கூட்டம். இறுதிப் போட்டிக்கு பஸ் பிடிப்பது, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவது என்று எல்லாம் கதைத்து முடித்து, வேறு விடயங்கள் உண்டா என்று செல்வநாயகம் ஒரு மரியாதைக்குக் கேட்டார். சிவலட்சுமி எழும்பினாள்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. உங்கட மூண்டு திட்டமும் ஒரே வாய்க்கால்தான். நேற்று அறுபது நிமிசத்தில என்ர பிள்ளையின்ர கைகாலுக்குப் பந்து ரெண்டே ரெண்டு தரம் வந்தது. ரெண்டும் வெளியால போன பந்து, எடுத்துக் குடுக்கச் சொல்லி."

முதலில் சிரிப்பு எழும்பியது, பிறகு அது தானாக அடங்கியது. அங்கே இருந்தவர்களுக்கு உதைபந்தாட்டம் தெரிந்ததோ இல்லையோ, கடைசி வயலுக்குத் தண்ணீர் வராத கதை தெரியும். செல்வநாயகம் முப்பது வருசம் கூட்டம் நடத்திய மனிதர். ஒரு குறையைத் தீர்க்க மனமில்லாவிட்டால் அதைத் தீர்மானமாக்கிவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நியாயமான கதை என்று தலையாட்டினார். அப்படியென்றால் பந்துக்கும் முறை வைப்போம் என்றார். அறுபது நிமிடம், நாலு வாய்க்கால், வாய்க்காலுக்குப் பதினைந்து நிமிடம். எந்த வாய்க்காலின் முறையோ, முன்வரிசையில் நிற்கிற அந்த வாய்க்கால் பிள்ளைக்குத்தான் மற்றவர்கள் பந்தைக் கொடுக்க வேண்டும். ஒழுங்கு வழக்கம்போல, முதலாவதிலிருந்து நாலாவது வரை.

கோகுலன் சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அறுபதை நாலால் பிரித்தால் மீதி வராது என்று கண்டதும் அவருக்கும் திருப்தி. தலைவர் பிரேரித்தார். ஆமோதிப்பது யார் என்று எல்லோரும் சிவலட்சுமியைப் பார்த்தார்கள். எங்கேயோ பிழை இருக்கிறது என்று அவளுக்கு மனதில் பட்டது. ஆனால் போர் முடிந்து மீள்குடியேறி வந்த நாளிலிருந்து முறை, முறை என்று தொண்டை வற்றக் கத்தியவளுக்கு, தட்டில் வைத்து முறையை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல வருமோ? ஆமோதித்தாள். அறிக்கைப் புத்தகத்தில் ஏறியது. பந்துக்கு வாய்க்கால் கட்டிய அணி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

நிரோஜா கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தாள். எதிர்ப்பக்கம் நிற்கிறவளும் எங்கள் முறையைப் பார்த்தா விளையாடுவாள் என்று கேட்டாள். முறையென்றால் முறைதான், மற்றப் பிள்ளையின் நேரத்தில் நீ கை வைக்கக் கூடாது என்று சொல்லித் தாய் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

இறுதிப் போட்டி கிளிநொச்சியில், வவுனியாப் பக்கமிருந்து வந்த அணியோடு. மாகாணத் தெரிவாளர்கள் மூன்று பேர் கொட்டகைக்குள் பிளாஸ்டிக் கதிரையில் சோடாவோடு இருந்தார்கள். பக்கத்தில் செல்வநாயகம். ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: தெரிவாளர்களுக்கு முல்லைத்தீவில் இன்னொரு போட்டி இருப்பதால் அவர்கள் இடைவேளையோடு புறப்படுவார்கள்.

நிரோஜாவின் முறை கடைசிப் பதினைந்து நிமிடம். சிவலட்சுமி ஓடிப்போய்க் கோகுலன் சேரிடம் ஒழுங்கை மாற்றச் சொன்னாள். தீர்மானம் தீர்மானம்தான் அக்கா, நீங்கள்தானே ஆமோதித்தீர்கள் என்றார் அவர். செல்வநாயகத்திடம் போனாள். அவர் மிகவும் கவலைப்பட்டார். அந்தக் கவலையைக் குளத்தில் விட்டிருந்தால் அந்தப் போகம் முழுக்கப் பாய்ந்திருக்கும்.

"நினைச்ச நேரம் மாத்தினா முறைக்கு என்ன மரியாதை, பிள்ளை?"

போன வருசம் கூட்டத்தில் அவள் அவருக்குச் சொன்ன அதே வசனம். மனிதர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

முதல் பதினைந்து நிமிடம் பந்து தேனுகாவைத் தேடிப் போனது, எதிரணியின் மூன்று பேரும் அவளைத் தேடிப் போனார்கள். பிறகு சேர் மணிக்கூட்டைப் பார்த்து "ரெண்டாம் வாய்க்கால்" என்று கத்தினார். வவுனியாவிலிருந்து வந்தவர்கள் எங்கே வாய்க்கால் என்று மைதானத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். இரண்டாம் வாய்க்காலுக்குரியவள் பிரஷாந்தினி. அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பந்து வாழ்நாளில் வந்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒவ்வொன்றையும் தேனுகாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

இருபத்துநாலாவது நிமிடம். எதிரணிக் கோல்காப்பாளர் உதைத்த பந்து அவளுடைய ஆளிலேயே பட்டு, உருண்டு வந்து நிரோஜாவின் காலடியில் நின்றது. முன்னால் கோல்காப்பாளர் ஒருத்தி, அவளும் வழுக்கி விழுந்து கிடக்கிறாள். நிரோஜா அடிக்கவில்லை. பிரஷாந்தினி எங்கே என்று தேடினாள். பிரஷாந்தினி மற்றக் கரையில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிரோஜா திரும்பி வேலியைப் பார்த்தாள்.

சத்தியம் வாங்கியவள் வேலியில் நின்றாள். அவளைச் சுற்றி நாலு வாய்க்கால் சனமும் நின்றது, பின்னால் கொட்டகைக்குள் தலைவர் இருந்தார். அவள் வாயைத் திறந்தால் அத்தனை பேருக்கும் கேட்கும். இனி எந்தக் கூட்டத்தில் எந்த முகத்தோடு எழும்புவது? அதெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் விளங்கியது. விளங்கித்தான் கத்தினாள்.

"முறையாவது மண்ணாங்கட்டியாவது! அடியடி பிள்ளை!"

நிரோஜா அடித்தாள். வலை குலுங்கியது. தெரிவாளர்களில் ஒருவர் சோடாவைக் கீழே வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார்.

அதற்குப் பிறகு பிள்ளைகள் எவரும் எவருடைய முறையையும் பார்க்கவில்லை. தேனுகாவை விட்டுவிட்டு எதிரணி நிரோஜாவைச் சுற்றியது. நிரோஜா பந்தைத் தனியே நின்ற தேனுகாவுக்குத் தட்டிவிட்டாள். இடைவேளைக்கு முன்னமே இரண்டாவது கோல். இவ்வளவுதான் அதில் இருந்த பெரிய வித்தை. முடிவில் மூன்றுக்கு ஒன்று. இரண்டு பிள்ளைகளும் மாகாண அணிக்குத் தெரிவானார்கள். கோகுலன் சேர் அதைத் தன் நாலாவது திட்டம் என்று அதிபருக்கு விளங்கப்படுத்தினார். செல்வநாயகம் இரண்டு பிள்ளைகளுக்கும் மாலை போட்டுப் படம் எடுத்தார்.

கோடையில், சிறுபோகப் பயிர் நிற்கையில் குளம் வற்றத் தொடங்கியது. முதலாம் வாய்க்கால்காரருக்கு மறதி நோய் திரும்பிவந்து, கதவு மூன்று நாளாய்த் திறந்தே கிடந்தது. கமக்காரர் கூட்டத்தில் சிவலட்சுமி எழும்பினாள். அவள் முதல் வசனத்தை முடிக்கவில்லை.

"முறையைப் பற்றி நீர் கதைக்கிறீரோ, பிள்ளை?" என்றார் செல்வநாயகம் கனிவாக. "ஊருக்குத்தானோ உபதேசம்?"

கூட்டம் சிரித்தது. நாலாம் வாய்க்கால்காரர் சிலரும் சிரித்தார்கள். பந்து வேறு தண்ணீர் வேறு என்று அவள் வாதாடியிருக்கலாம். அவளுக்கு வாயா இல்லை? ஆனால் அந்த நேரம் அவளுக்கு மனதில் வந்தது, வலையைக் குலுக்கிவிட்டுத் திரும்பிய பிள்ளையின் முகம்.

"ஓம் ஐயா, தவறினனான். பிள்ளைக்காகத் தவறினனான். இன்னொருக்கா வந்தாலும் தவறுவன்."

இப்படிச் சொன்னவள் அதற்கு மேல் நின்று, கதவை இறக்குங்கோ என்று எப்படிக் கேட்பது? இருந்துவிட்டாள். முறைப்பாடு எதுவும் இல்லை என்று அறிக்கையில் எழுதிக்கொண்டார்கள்.

அவளுடைய இரண்டு ஏக்கரில் பாதி, கதிர் வைக்க முன்னமே கருகியது. நிரோஜா மாகாணப் பயிற்சி முகாமிலிருந்து போன் எடுத்து, முதலில் வயலைத்தான் விசாரித்தாள்.

"பாதி கருகிப்போச்சு" என்றாள் சிவலட்சுமி. "அதை விடு. அங்க உனக்குப் பந்து வருதோ?"

"வருது அம்மா. நிறைய வருது."

போனை மாயாண்டியிடம் கொடுத்துவிட்டு, கருகின பாதியை மாட்டுக்கு அறுத்துப்போட அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.