மில்லில் ஓட்டும் கைப்பிடி அரிசி

"சத்துமாவு. பதினான்கு சாமான். வேர்க்கடலை இல்லை, முந்திரி இல்லை. சனிக்கிழமை, காலை 10.40, கீரனூர் மில்." டப்பாவில் ஒட்டிய சீட்டு. என் கையெழுத்து.

எங்கள் மகளுக்கு ஐந்து வயது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. போன வருடம் ஒரு துண்டுக் கடலைமிட்டாய்க்கே உதடு வீங்கி, மூச்சு இழுத்து, திருச்சிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். அதன்பிறகு கடை மாவு எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை. கேழ்வரகை முளைகட்டுவதிலிருந்து பாசிப்பயறு வறுப்பதுவரை எல்லாம் நானே செய்து, நேரத்தோடு நோட்டில் எழுதிவைப்பேன்.

ஞாயிறு காலை மனைவி அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுப் பெண் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, மாவு நல்லா வந்துச்சா? நேத்து எனக்கு அடுத்து நீங்கதானே அரைச்சீங்க? நான் வேர்க்கடலையை அள்ளிப் போட்டுட்டேன். மெஷினெல்லாம் எண்ணெயா அப்பிக்கிருச்சுன்னு மில்லுக்காரரு அந்தப் பேச்சுப் பேசுறாரு!"

மனைவியின் கை அப்படியே நின்றது. மூன்று கரண்டி உள்ளே போயிருந்தது. மணி 7.25.

முன்னால் அரைத்தவரின் மாவு மெஷினில் தங்கியிருக்கும். அதனால் ஒரு கைப்பிடி அரிசியை ஓட்டி, அதைத் தனியே தட்டிவிட்டுத்தான் அடுத்தவருக்கு அரைப்பது மில் வழக்கம்.

"அரிசி போட்டு ஓட்டுனாரா? நீங்க நின்னு பாத்தீங்கல்ல?" மனைவி கேட்டாள்.

பார்க்கவில்லை. அப்போது வெளி பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சீட்டைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மணிய மட்டும் தப்பில்லாம எழுதியிருக்கீங்க" என்றாள்.

மகளின் வாயைக் கழுவி, மருந்துப் பையோடு ஆட்டோவில் ஏறினோம். போகும்போதே மில்லுக்காரருக்கு போன் செய்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அரைக்கிறேன் சார்! இதையெல்லாம் எங்கிட்டு ஞாபகம் வச்சுக்கிறது?"

கீரனூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, போகாமல் உட்காரச் சொன்னார். 7.50: உதட்டில் ஒன்றுமில்லை. 8.15: கழுத்தைச் சொறிந்தாள். மனைவி சட்டையை விலக்கிப் பார்த்தாள்.

"கொசும்மா" என்றாள் மகள்.

அதை நம்ப எங்களுக்கு இன்னும் அரைமணி நேரம் பிடித்தது. பதினொரு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். "பசிக்குது, இட்லி வாங்கித் தாங்கப்பா" என்று மகள் கேட்டபோதுதான் மனைவி அழுதாள்.

டப்பாவோடு மாவை அடுத்த வீட்டிலேயே கொடுத்துவிட்டோம். சீட்டை மட்டும் கிழித்தெடுத்து நோட்டில் ஒட்டினேன். 'வேர்க்கடலை இல்லை' என்பதை அடித்து, 'நான் போடவில்லை' என்று திருத்தினேன். கீழே ஒரு வரி: எங்கள் மாவுக்கு முன் அரிசி ஓட்டப்பட்டதா என்பது இதுவரை உறுதியாகவில்லை.